அம்மாவை ஒருமையிலேயே எழுதுங்கள்

கேள்வி: நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 41. என் அம்மா கடந்த பிப்ரவரியில் 74-ஆம் வயதில் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்கியவர். வரும் ஆகஸ்டு மாதம் எங்கள் ஊரில் மகளிர் தினத்தையும் தேசிய தினத்தையும் சேர்த்து விழா எடுக்கிறார்கள். ‘தாய்மையின் தியாகம்’ என்ற தலைப்பில் கவிதை வாசிக்க என்னைக் கேட்டார்கள். அம்மா இறந்த வீட்டில் அடுப்படியையும் வந்தவர்களையும் கவனித்துக்கொண்டிருந்ததில் எனக்கு அழவே நேரமில்லை. இந்தக் கவிதையை எழுத உட்கார்ந்தபோதுதான் அழுதேன்.

எழுதியதைக் குழுவிடம் கொடுத்தேன். கூலியைப் பற்றிய பகுதியையும் கள்ளுக்கடையைப் பற்றிய பகுதியையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். ‘வருவாள்’, ‘நின்றாள்’ என்று வருவதையெல்லாம் ‘வருவார்’, ‘நின்றார்’ என்று மரியாதையாக மாற்ற வேண்டுமாம். அண்ணனோ, கள்ளுக்கடைப் பகுதியைக் கேட்டதும், “அப்பா உயிரோடு இருக்கும்போதே ஊர் முன்னால் அவர் மானத்தை வாங்கப் போகிறாயா?” என்று கோபப்பட்டார். இறப்பு வீட்டில் சின்னம்மா ஒப்பாரி வைத்தபோதும், “போதும், நிறுத்துங்கள், இதெல்லாம் அந்தக் காலம்” என்று தடுத்தவர் அவர்தான். அப்பாவுக்கு 78 வயது. அம்மா உட்காரும் ஐந்தடித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பேசுவதில்லை. நான் கவிதையை மாற்றுவதா, விழாவிலிருந்து விலகுவதா? கவிதையின் சில வரிகளை இணைத்துள்ளேன். (அதில் வரும் ‘பாரம்’ நான் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்வதற்கான விண்ணப்பம், ‘கிராணி’ தோட்டத்துக் கணக்கர்.)

இடுப்பில் கட்டிய கொசுவத்தி புகைய
நானூறு மரத்தையும் தொட்டுவிட்டு வருவாள்.
எங்களைத் தொடும் முன்
கையில் காய்ந்த பாலை உரித்துப் போடுவாள்.

ஆம்பளைக்கு அரை வெள்ளி, எனக்கு நாப்பது காசு
என்று விரல் மடக்கிய பாட்டியின் கணக்கை
அம்மா மறக்கவில்லை.
பத்துக் காசு எங்கே என்று
கிராணியிடம் கடைசிவரை கேட்டாள்.

அப்பா கையெழுத்துக்காக
என் பாரத்தை நெஞ்சோடு பிடித்துக்
கள்ளுக்கடை வாசலில் நின்றாள்.
மழை வந்தபோது
பாரத்தைத்தான் முந்தானையில் மூடினாள்.

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் அம்மாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். உளவளத் துணையாளராக இருபது ஆண்டுகளுக்கு மேல் துக்கத்தில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசி வருகிறேன். நானும் பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள்தான். ஆகையால் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது கொசுவத்தியின் வாடை எனக்கும் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதில் மூன்று பேர் உங்களிடம் மூன்று வெவ்வேறு காரியங்களைக் கேட்கிறார்கள். விழாக் குழு உங்களிடம் ஒரு பிம்பத்தைக் கேட்கிறது. அண்ணன் அப்பாவுக்குப் பாதுகாப்பைக் கேட்கிறார். உங்கள் துக்கம் அம்மாவைக் கேட்கிறது. ஒரே கவிதையைத் திருத்தித் திருத்தி மூவருக்கும் பதில் சொல்லிவிட முயல்வதால்தான் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது. குழுவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் ஒன்றாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது.

குழுவினரைக் கெட்டவர்கள் என்று எண்ணாதீர்கள். அவர்களில் பலர் உங்கள் அம்மாவைப் போன்ற அம்மாக்களின் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். ஆனால் அரசாங்கமோ அதன் நிழலில் நிற்கும் அமைப்புகளோ எடுக்கும் விழாவுக்கென்று ஓர் இயல்பு உண்டு. அதற்குப் பெயர் கொண்ட ஒரு பெண்ணைவிட, யாருடைய முகத்திலும் ஒட்டக்கூடிய ஒரு ‘தாய்’ தேவைப்படுகிறாள். அந்தத் தாய் விடியலில் எழுவாள், பொறுப்பாள், கொடுப்பாள், கேட்க மாட்டாள். மேடையில் பட்டை அணிவித்துச் ‘சிறந்த அன்னை’ என்று அறிவிக்கும்போது, கீழே உட்கார்ந்திருக்கும் இளம்பெண்களுக்கு எது சிறப்பு என்பதும் சேர்த்தே அறிவிக்கப்படுகிறது. நான் போயிருந்த இப்படிப்பட்ட விழாக்களில் தாய்மார்களுக்குப் பரிசாக அரிசிக் குக்கரும் வாணலியும் கொடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு சாய்வு நாற்காலி கொடுத்து இதுவரை பார்க்கவில்லை.

இது நம் ஊரில் தொடங்கிய வழக்கமன்று. போர்களையும் பிறப்பு விகிதத்தையும் மனத்தில் வைத்து அரசுகள் தாய்மார்களுக்குப் பதக்கம் குத்திய வரலாறு நீளமானது. 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி, நான்கு பிள்ளை பெற்றவளுக்கு வெண்கலம், ஆறு பெற்றவளுக்கு வெள்ளி, எட்டு பெற்றவளுக்குத் தங்கம் என்று சிலுவைப் பதக்கம் ஏற்படுத்தியது. அதை எதிர்த்துப் போரிட்ட சோவியத் யூனியன், போர் முடிவதற்குள்ளாகவே, 1944-இல், பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவளுக்கு ‘வீரத் தாய்’ என்ற பட்டத்தை ஏற்படுத்தியது. போர்முனையில் நேரெதிராக நின்ற இரண்டு அரசுகள் பெண்ணின் கடமை எது என்பதில் ஒரே வாய்பாட்டை ஒப்பித்தன. அனைத்துலக மகளிர் தினமான மார்ச் 8-இன் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். 1917-இல் பெட்ரோகிராடின் ஆலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கிய அந்த நாள், 1965-இல் சோவியத் அரசு விடுமுறையாக அறிவித்த காலத்துக்குள், ஆண்கள் பெண்களுக்குப் பூக்கொத்து கொடுத்து வாழ்த்தும் நாளாக மென்மைப்பட்டுவிட்டது.

அன்னையர் தினத்தின் பிறப்பு உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பகுதியில் ஆன் ஜார்விஸ் என்றொரு பெண்மணி இருந்தார். தாம் பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரை நோய்களுக்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தோடு வீட்டில் அடங்கிவிடாமல், ஊர் ஊராகத் தாய்மார்களைத் திரட்டிச் சுகாதாரக் கழகங்கள் நடத்தினார். 1905 மே மாதம் அவர் இறந்தார். அவருடைய மகள் ஆனா ஜார்விஸ், 1908 மே மாதம் கிராஃப்டன் என்ற ஊரின் தேவாலயத்தில், தம் தாய்க்குப் பிடித்த வெள்ளை மலர்களை ஐந்நூறு எண்ணிக்கையில் அனுப்பி, ஒரு நினைவு வழிபாட்டை நடத்தச் செய்தார். ஒரு மகளின் திதி என்றே அதைச் சொல்லலாம். ஆறே ஆண்டுகளில், 1914-இல், அமெரிக்க அதிபர் அதை நாட்டின் நாளாகப் பிரகடனம் செய்தார். கொடி ஏறியது, பிறகு வாழ்த்தட்டை விற்பவர்களும் பூக்கடைக்காரர்களும் வந்தார்கள். 1948-இல் தாம் இறப்பதற்குள், தாமே தொடங்கிய அந்த நாளை எதிர்த்துப் போராடிப் போராடி ஆனா ஜார்விஸ் ஓய்ந்துபோனார்.

அவர் ஒரு விஷயத்தில் மட்டும் தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தார். அந்த நாளின் பெயரை ஒருமையில்தான் எழுத வேண்டும் என்பார். ஒவ்வொரு குடும்பமும் தன்னுடைய அந்த ஒரு தாயை நினைக்க வேண்டிய நாள், உலகத்துத் தாய்மார்களை எல்லாம் மொத்தமாகப் போற்றும் நாளன்று என்பது அவர் வாதம். நாம் தமிழில் ‘அன்னையர் தினம்’ என்று பன்மையில் ஆக்கிக்கொண்டோம். இலக்கணப்படி பிழையில்லை, ஆனால் அந்த மகளின் துக்கம் அந்த ‘அர்’ விகுதியில் காணாமல் போய்விட்டது.

உங்கள் குழு ‘வருவாள்’ என்பதை ‘வருவார்’ ஆக்கச் சொல்வதும் எனக்கு இதே காரியமாகத்தான் தெரிகிறது. நேர்ப்பேச்சில் அம்மாவைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் சொல்லும்போது ‘வந்தார்’, ‘போனார்’ என்போம். உங்கள் கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். கவிதையில் ‘அவள்’ என்று எழுதும்போது மரியாதை குறைந்துவிடவில்லை, தூரம் குறைந்திருக்கிறது. சாமியையும் அம்மாவையும் ஒருமையில் கூப்பிடுகிற மொழி நம்முடையது. ஆகவே அந்தத் திருத்தத்தை ஏற்காதீர்கள். வேறெதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கூலிப் பகுதிக்கு வருகிறேன். அதை ‘விழாவுக்குப் பொருந்தாத கணக்கு’ என்று குழுவினர் நினைத்திருக்கலாம். உங்கள் பாட்டி விரல் மடக்கிச் சொன்ன கணக்கு, அரசாங்கமே எழுதிவைத்த கணக்கு. 1920களின் பிற்பகுதியில் மலாயாவின் பெரும்பாலான தோட்டங்களில் இந்தியத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. போக்குவரத்து எட்டாத உட்பகுதிகளில் இருவருக்கும் சற்றுக் கூடுதல். அங்கும் பெண்ணுக்குக் குறைவுதான். அந்தப் பத்துக் காசை உங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை நினைவில் வைத்திருக்கிறது. நீங்கள் ஆசிரியை என்பதால் இதையும் சொல்ல வேண்டும்: இந்த நாட்டில் ஆசிரியைகளுக்கும் ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளம் தானாகக் கிடைத்துவிடவில்லை. 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்று சங்கம் அமைத்துப் போராடிய ராசம்மா பூபாலன் போன்றவர்கள் வாங்கிக் கொடுத்தது அது. அவர் இள வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர். அந்தப் படையில் துப்பாக்கி பிடித்த மலாயாப் பெண்களில் பால்மரம் வெட்டிய தோட்டத்துப் பெண்கள் பலர் இருந்தார்கள். மகளிர் தினத்தையும் தேசிய தினத்தையும் சேர்த்துக் கொண்டாடும் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி எது என்று எனக்குத் தெரியவில்லை. சம்பளக் கணக்கைக் கேட்ட பெண்ணும் நாட்டைக் கட்டியவள்தான் என்று சொல்வதில் குழுவினருக்குச் சங்கடம் இருந்தால், அந்தச் சங்கடத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அதை நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கள்ளுக்கடைப் பகுதி வேறு விதம். அங்கே குழு சொல்வதை ஒதுக்கிவிட்டு அண்ணன் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பகுதியில் வரும் ஒருவர் உயிரோடு இருக்கிறார், ஐந்தடியில் உட்கார்ந்திருக்கிறார். இறந்தவரைப் பற்றிய கவிதையில் எழுதுபவருக்கு இருக்கும் உரிமை, உயிரோடு இருப்பவரைப் பற்றிய வரியில் பாதியாகிவிடுகிறது என்பது என் கருத்து. அப்பாவுக்குத் தெரியாமல் அந்த வரிகளை ஊர் கேட்கக்கூடாது.

ஆனாலும் அந்தப் பகுதியை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். அதில் அப்பா குடித்தார் என்பது எங்கேயும் இல்லை. அவர் அங்கே இருந்தார் என்பதும், அவருடைய கையெழுத்து இல்லாமல் உங்கள் பாரம் செல்லாது என்பதும்தான் இருக்கின்றன. உங்கள் வயதைக் கொண்டு கணக்கிட்டால், நீங்கள் படிவம் ஒன்றுக்குப் போன காலம் 1997 சுமார் இருக்கும். நமக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டின் சிறார் பாதுகாவல் சட்டம், பிள்ளைக்குத் தந்தையையே முதன்மைப் பாதுகாவலராக வைத்திருந்தது. 1999-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் தாய்க்கும் தந்தைக்கும் சம உரிமை எழுத்தில் வந்தது. அதுவரை எத்தனையோ அலுவலக முகப்புகளில், பிள்ளையைப் பெற்று வளர்த்தவளிடம் “அப்பா எங்கே?” என்றுதான் கேட்டார்கள். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நானூறு மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்த ஒரு பெண் தன் மகளின் பாரத்தில் தானே கையெழுத்துப் போட முடியாமல் மழையில் நின்றாள் என்றால், அந்த மழையில் உங்கள் அப்பாவின் பங்கு எவ்வளவு, நாட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். உங்களுக்கே தெரியாமல் அரசைப் பற்றி ஒரு பகுதி எழுதிவிட்டீர்கள். கேட்டவர்கள் எல்லாரும் அதைக் குடும்ப ரகசியமாக எடுத்துக்கொண்டார்கள்.

நியாயத்துக்கு ஒன்றையும் சேர்க்கிறேன். இதே அரசுதான் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. இதே அரசுதான் 2022-இல் சட்டம் இயற்றி, ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தாவில் இல்லத்தரசிகளுக்கும் விபத்துப் பாதுகாப்பு உண்டு என்றது. அதாவது, அடுப்படியில் வழுக்கி விழுவதும் வேலையில் நேர்ந்த விபத்துதான் என்று ஒப்புக்கொண்டது. சட்டம் மெதுவாகவேனும் நகர்கிறது. விழா மேடைதான் பழைய இடத்திலேயே நின்று அதே பட்டையை அணிவித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது கவிதையைப் பற்றி. நான் கவிதை ஆசிரியை அல்லள். ஆனால் துக்கத்தில் எழுதப்பட்ட கவிதைகளை என் மேசையில் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் மொழியில் இரண்டு மரபுகள் பக்கம் பக்கமாகவே ஓடிவந்திருக்கின்றன. புறநானூற்றின் 312-ஆம் பாட்டை நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று தாய் தொடங்குகிறாள்; சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன், வேல் வடிப்பது கொல்லனின் கடன், நன்னடை நல்குவது வேந்தனின் கடன், களிறு எறிந்து மீள்வது காளையின் கடன் என்று ஐந்து கடன்கள் வரிசையாக வருகின்றன. ஓர் அரசு தன் குடிமக்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பட்டியலை இவ்வளவு அழகாக வேறு எங்கும் நான் படித்ததில்லை. அந்தப் பட்டியலைத் தாயின் வாயாலேயே சொல்ல வைத்ததில்தான் அதன் சாமர்த்தியம் இருக்கிறது. உங்கள் குழு கேட்பது இந்த மரபிலிருந்து ஒரு கவிதையை. இரண்டாயிரம் ஆண்டாக நிற்கும் மரபு என்பதால் அதைக் கேட்பதற்கு அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆனால் அதே நூலின் 255-ஆம் பாட்டில் ஒரு பெண் கணவனின் உடலருகே தனியாக நிற்கிறாள். ‘ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே’ என்கிறாள். கதறினால் புலி வந்துவிடுமோ என்று பயம். தூக்கிக்கொண்டு போகலாமென்றால் அவன் மார்பு அகலம், அவளால் தூக்க முடியவில்லை. கடைசியில், என் முன்கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நட, மலை நிழலுக்குப் போய்விடலாம் என்று இறந்தவனிடமே கேட்கிறாள். அங்கே வீரமும் இல்லை, கடனும் இல்லை, வேந்தனும் இல்லை. ஓர் உடலின் பாரம் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் முந்தானை வரி இந்தப் பாட்டின் பக்கத்தைச் சேர்ந்தது.

சின்னம்மாவின் ஒப்பாரியும் அதே பக்கம்தான். ஊர்ப்பெண்கள் எந்தக் குழுவின் அனுமதியும் இல்லாமல், திருத்தம் இல்லாமல், மாமியார் கொடுமையையும் மச்சான் செய்த துரோகத்தையும் கூலிப் பாக்கியையும் ஊர் கேட்கச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே மேடை அதுதான். ஒலிபெருக்கியில் பதிவு செய்த பாட்டைப் போட்டுவிட்டு அந்த மேடையையும் இப்போது நாம் பிடுங்கிக்கொண்டோம். சின்னம்மா அன்று எந்த அடியில் நிறுத்தப்பட்டார் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் விட்டதை முழுவதும் ஒரு மாலை உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அண்ணன் தடுத்ததால் அம்மாவைப் பற்றிய ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது. உங்கள் மனத்திலும் அது பாதியில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

என் தொழில் சார்ந்து ஒரே ஒரு குறை சொல்ல அனுமதியுங்கள். நீங்கள் மேலே எழுதாமல், இணைப்புத் தாளில் மட்டும் வைத்திருந்த இறுதிப் பகுதியில் அம்மாவைத் தெய்வம் என்றும் தியாகச் சுடர் என்றும் அழைத்து முடித்திருக்கிறீர்கள். அதைக் குழு மிகவும் பாராட்டியிருக்கும். அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். கையில் காய்ந்த பாலை உரித்துப் போட்ட பெண் அங்கே இல்லை. குழு எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்தப் பகுதி அப்படியேதான் இருந்திருக்கும். தெய்வமாக்கப்பட்டவரை வணங்கலாம், அவருக்காக அழ முடியாது. அந்த வரிகளை எழுதும்போது நீங்கள் அழவில்லை என்று பந்தயம் கட்டுகிறேன்.

அண்ணனைப் பற்றி. சிதைக்குத் தீ வைத்தவர் அவர். வாய்க்கரிசி போட்டவர் அவர். ஒரு சொட்டுக் கண்ணீர் வராதது போல நின்றவரும் அவராகத்தான் இருக்கும். பெண்ணுக்குத் ‘தாய்மையின் தியாகம்’ என்று ஒரு சீருடை தைத்த அதே கை, ஆணுக்கு ‘குடும்ப மானம்’ என்று ஒன்றைத் தைத்து வைத்திருக்கிறது. அவர் சின்னம்மாவை நிறுத்தியது ஒப்பாரி பிடிக்காமல் இருக்கலாம். அதைக் கேட்டால் தாமும் உடைந்துவிடுவோம் என்ற அச்சமாகவும் இருக்கலாம். உலகத்தையே உதறிவிட்டுப் போன பட்டினத்தார் தாயின் சிதை முன்னால் நின்று, ‘அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு’ என்று கதறியதை நம் மயானங்களில் இன்றும் பாடுகிறார்கள். துறவிக்கே இல்லாத கட்டுப்பாட்டை அண்ணனுக்கு யார் விதித்தார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டாம், சண்டை வரும். வாய்க்கரிசி போட்ட அந்த நிமிடத்தில் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் அடுப்படியில் இருந்ததால் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அது அவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர் சொன்னால், கவிதையில் அதற்கும் இடம் கொடுங்கள்.

இனி என் யோசனையைச் சொல்கிறேன். குழுவுக்கு நேரில் போய் வாதாடாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், சுருக்கமாக இருக்கட்டும். இப்படி எழுதலாம்: “தங்கள் அழைப்புக்கு நன்றி. என் தாயாரைப் பற்றிய கவிதையை ‘பால்மரக் காட்டில் அம்மா’ போன்ற பொதுத் தலைப்பில், கூலி குறித்த பகுதியுடனும் நான் எழுதியுள்ள மொழிநடையுடனும் வாசிக்க விரும்புகிறேன். குடும்பத்தினரின் இசைவு கருதி ஒரு பகுதியை வாசிப்பதா இல்லையா என்பதை நானே முடிவு செய்வேன். விழாவின் தலைப்புக்கு இது பொருந்தாது என்று தாங்கள் கருதினால், வேறொரு கவிஞரை அழைத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமில்லை.” கடைசி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதால், அனுப்புவதற்கு முன் அது உண்மைதானா என்று உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மேடை உங்கள் அம்மாவுக்கு நீங்கள் செலுத்தும் கடன் என்று எங்கோ ஓர் எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பு இருக்கிறது. முதலாண்டுத் திதி இருக்கிறது. வீட்டு ஐந்தடியும் இருக்கிறது.

மேடை ஏறுவதாக முடிவானால், இரண்டு முன்னேற்பாடுகள். கவிதையின் இன்னொரு பிரதியை உங்கள் தோழி ஒருவரிடம் கொடுத்து முதல் வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். முந்தானை வரியில் தொண்டை அடைத்தால் அவர் எழுந்து மிச்சத்தை வாசிக்கட்டும். அழுதுவிட்டால் மன்னிப்புக் கேட்காதீர்கள். ‘பெரட்டு’, வருகைப் பதிவேடான ‘செக்ரோல்’ போன்ற சொற்கள் புரியாத இளையவர்களுக்காக வாசிப்புக்கு முன் விளக்கவுரை ஆற்றவும் வேண்டாம். புரியாதவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் பாட்டியிடம் கேட்கட்டும்.

மாதக்கணக்காகியும் அழ முடியவில்லை, எழுதும்போது மட்டும் அழுகை வருகிறது என்பது நோயன்று. வீட்டு வேலையைச் சுமந்த மகள்களுக்குத் துக்கம் இப்படித் தாமதமாக வருவதை அடிக்கடி பார்க்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாத்திரங்களைக் கழுவி வைத்த பிறகுதான் பலருக்கு அது வாசலில் வந்து நிற்கிறது. ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டாலோ, பள்ளி வேலையே ஓடாவிட்டாலோ, அம்மாவோடு போயிருக்கலாம் என்ற எண்ணம் வந்தாலோ, கவிதைக்காகக் காத்திருக்காமல் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் விஷயத்தை அப்படியே சொல்லுங்கள். இது அப்பாவுக்கும் பொருந்தும். வயதானவர்கள் பேசாமல் உட்காருவதைப் பெருந்தன்மை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பல நேரங்களில் அது பசியில்லாமையும் மனச்சோர்வும்தான்.

அப்பாவிடம் கவிதையை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அண்ணன் மூலமாகப் போகக்கூடாது. சாயங்காலம் தேநீர் கொடுத்த பிறகு, அவருக்குப் பக்கத்தில், அம்மா உட்கார்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசியுங்கள். அனுமதி கேட்கும் குரலில் வேண்டாம். கொசுவத்தி வரும்போது அவர் தலையாட்டுவார் என்று நினைக்கிறேன். கூலிக் கணக்கு வரும்போது ஏதாவது திருத்துவார், கிராணியின் பெயரையாவது சொல்வார். கள்ளுக்கடைப் பகுதியை வாசித்து முடித்ததும் உடனே எதுவும் கேட்டுவிடாதீர்கள். அன்று மழையில் நின்றவளை அவர் உள்ளேயிருந்து பார்த்தாரா, பார்த்த பிறகு கையெழுத்துப் போட எவ்வளவு நேரமாயிற்று என்று அவராகச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. அவர் வேண்டாம் என்றால் அந்தப் பகுதி வீட்டிலேயே இருக்கட்டும், மேடைக்கு மற்றதைக் கொண்டுபோங்கள். சரி என்றால், பாரத்தில் அன்று அவர் போட்ட கையெழுத்து பேனாவிலா பென்சிலிலா என்று கேட்டு, அதையும் ஒரு வரியாக எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவளத் துணையாளர்